ஓடிபி வந்துச்சா அக்கா?

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அடுப்படியில் சண்டை இல்லாமல் இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இருவரும் ஒரே இடத்தில் வேலையும் பார்க்கிறோம் என்றால், "உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கும், வெளிய காட்டிக்க மாட்டாங்க" என்பார்கள். எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அண்ணனைக் கட்டியவள் அவள், தம்பியைக் கட்டியவள் நான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து முதலில் சிரித்தது அவள்தான். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதனால் அக்காவைப் பற்றி நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் வேலை பார்த்த இடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். முதல் மாடியில் வகுப்பறை. அதில் ஓர் இரும்புக் கட்டில், கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை. பொம்மையைப் புரட்டிப் போடப் பழகும்போது அதன் இடது கை கழன்று கையோடு வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பதறுவார்கள். பழையவர்கள் அதைத் திரும்பச் செருகிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அந்த அறையில்தான் அக்கா, காய்ச்சல் அளவையும் மருந்து கொடுத்த நேரத்தையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது எப்படி என்று பாடம் எடுத்தாள். நான் கீழே வாசலில் உட்கார்ந்து போன் எடுப்பேன், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன்.

நிலையத்தின் உரிமையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அப்புறம் சார். மின்விசிறி சுற்றவில்லையா, அப்புறம் பார்க்கலாம். பொம்மையின் கையா, அப்புறம். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் அது அப்புறத்துக்கும் அப்புறம். ஆனால் அடுத்த தெருவில் இருந்த இன்னொரு பயிற்சி நிலையம் 'ஆன்லைன் வகுப்பு உண்டு' என்று போர்டு வைத்ததும் மனிதர் மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்து நின்றார்.

"நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்மா. ஆனா செலவு இருக்கக் கூடாது."

"பாக்குறேன் சார்" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையை அவள் விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாடம் வைக்க, பரீட்சை நடத்த, மார்க் போட இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது என்று அவள் எங்கோ படித்திருந்தாள். மென்பொருள் மட்டும் போதாது, அதைக் கொண்டுபோய் வைக்க இணையத்தில் ஓர் இடம் வேண்டும். அதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். அதையும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தாள். ஒரே சர்வரில் ஊர்ப்பட்ட பேரைக் குடிவைத்து ஆளுக்கு ஒரு மூலை ஒதுக்குவார்களாம். ஒரே தண்ணீர்த் தொட்டியை நம்பி இருக்கும் அடுக்குமாடி மாதிரி, பக்கத்து வீட்டில் குளித்தால் நம் வீட்டுக் குழாய் அழும். இதை அவள் அப்புறம் சாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா கிடைக்குதுல்ல? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?" என்றார் அவர்.

அக்கா தன் பெயரையும் தன் ஈமெயிலையும் தன் கைபேசி நம்பரையும் போட்டுக் கணக்கைத் திறந்தாள். நிலையத்தின் நம்பரைக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். அது என் மேசையில் இருக்கும் வயர் போன், அதற்கு மெசேஜ் வராது என்றாள்.

ஒரே பட்டன், அமுக்கினால் எல்லாம் தானாக நிறுவிக்கொள்ளும் என்று அந்த இணையதளம் சொன்னது. அமுக்கினாள். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது, அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"திட்டினாக்கூட பரவாயில்லடி. என்ன தப்புன்னு சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எதைன்னு சரி பண்றது?"

"நம்ம அத்தை மாதிரின்னு சொல்லுங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் மாமியார் ஒருவர் மேல் கோபம் என்றால் வாரக்கணக்கில் பேச மாட்டார். என்ன காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டியது நம் பொறுப்பு.

வெள்ளைப் பக்கத்தின் காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அந்த இலவச மூலையில் இத்தனை ஃபைல்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. மென்பொருளிலோ குட்டிக் குட்டியாக எக்கச்சக்கமான ஃபைல்கள். வேறு யாராவது என்றால் அங்கேயே கைகழுவியிருப்பார்கள். நாங்கள் அரிசியில் கல் பொறுக்கிப் பழகியவர்கள். எங்கள் புத்தி வேறு மாதிரி போயிற்று: வேண்டாததை எடுத்துப் போட்டுவிட்டால் மிச்சம் உள்ளே போய்விடுமே.

உட்கார்ந்தோம். ஃபோல்டர்களின் பெயரை நான் வாசிப்பேன். அவள் வேணும், வேணாம் என்று சொல்லிக்கொண்டே அழிப்பாள். நமக்குத் தெரியாத மொழிகள், வேணாம். ஆறேழு விதமான கலர் அலங்காரம், ஒன்று போதும். காலண்டர் இருக்கட்டும். அரட்டை வேணாம், நம் பெண்களுக்கு அதற்கு மென்பொருள் தேவையில்லை. இப்படியே போய் 'பேக்கப்' என்று ஒரு பெரிய ஃபோல்டரை வாசித்தேன்.

"அது என்னக்கா?"

"எல்லாத்தையும் நகல் எடுத்து வைக்கிறது." கொஞ்சம் யோசித்தாள். "எடுத்து எங்க வைக்கிறது? இருக்கிறதை வைக்கவே இடம் இல்லைன்னுதான அழுதுக்கிட்டு இருக்கோம். வேணாம்."

நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன பிறகு அந்த மென்பொருள் உள்ளே போயிற்று. அங்கங்கே மஞ்சள் பெட்டியில் ஏதேதோ எச்சரிக்கை வந்தது, ஆனால் ஓடியது. அக்கா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பெற்றவள்கூட அவ்வளவு களைப்பிலும் அவ்வளவு பெருமையாக இருந்திருக்க மாட்டாள். அப்புறம் சார் போர்டு எழுதி வாசலில் மாட்டினார், அடுத்த தெரு போர்டை விட ஒரு சாண் பெரியது.

பிறகு அவள் பாடம் எழுதத் தொடங்கினாள். நோயாளியை எப்படிப் புரட்ட வேண்டும், முதுகில் புண் வராமல் எப்படிப் பார்க்க வேண்டும், விழுங்க முடியாதவருக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். பொம்மையின் கையை நம்ப முடியாது என்பதால் நான் படுத்தேன். எல்லாப் படத்திலும் நோயாளி நான்தான். ஒரு படத்தில் கண்ணை மூடச் சொன்னாள், நான் நிஜமாகவே தூங்கிப்போனேன். அதுதான் நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி அதையே போட்டாள். பயிற்சிப் பெண்கள் தெருவில் என்னைப் பார்த்தால், "முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்கள். அவளோ அவர்களுக்குப் பாஸ்வேர்டு அக்கா. மறந்துபோனவர்களுக்கெல்லாம் புதிது போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மறக்காதவர்கள் யாரும் இல்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது இலவசமாக வைத்துக்கொண்ட சூனியம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் நுழைந்தால் தளம் படுத்துவிடும், உள்ளே போய் எழுப்பினாலும் மறுநாள்தான் எழுந்திருக்கும். அதனால் யார் எப்போது நுழைய வேண்டும் என்று முறை போட்டு அவளே காவல் இருந்தாள். அதைவிட மோசமான ஒரு நிபந்தனையும் இருந்தது. கணக்குக்காரர் அவ்வப்போது ஹோஸ்டிங் கணக்குக்குள் நுழைந்து முகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், யாருக்கும் தேவையில்லாத இடம் என்று எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுவார்கள். நுழைய வேண்டுமென்றால் அவள் கைபேசிக்கு ஓடிபி என்று ஒரு ரகசிய நம்பர் வரும். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

ஆக, அக்கா எங்கே போனாலும் போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார, இவள் மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "விடுங்கக்கா, போனாப் போகுது" என்றேன். "பிள்ளைங்க மார்க் எல்லாம் அதுலதான்டி இருக்கு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தூரமான ஊர், போய் வரவே ஒரு நாள் ஆகும். மகளை அங்கே பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்ததால் அப்பாவும் மகளும் முதலில் கிளம்பினார்கள். இந்த பேட்ச் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அக்கா சொன்னாள். மகளும் சரி என்று தலையாட்டினாள். பாதிப் பாத்திரங்கள் போய்விட்டன, அக்காவின் புடவைகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எடுத்து உடுத்துவாள், துவைத்து மறுபடி பெட்டியிலேயே மடித்து வைப்பாள்.

பரீட்சை முடிந்தது. தளத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தவள் கணக்கில் பெயரை மாற்றப் பார்த்தாள். பணம் கட்டுகிறவர்கள் மட்டும்தான் பெயரும் நம்பரும் மாற்றலாமாம். சரி, நிலையத்தின் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து எல்லாவற்றையும் அங்கே தூக்கிப் போகலாம் என்றால், தூக்கிப் போக நகல் வேண்டும். நகல் எடுக்கும் பட்டனைத் தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அழித்த பேக்கப் ஃபோல்டரைத் திரும்பப் போடலாம் என்றால் என் படங்களே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. மார்க்கும் பாடமும் சேர்ந்து கிடக்கும் டேட்டாபேஸை மட்டுமாவது இறக்கலாம் என்று பார்த்தாள்; ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினாள். இலவசக் கணக்குகளுக்கு உதவி கிடையாது என்று உடனே பதில் வந்தது. அவர்கள் எதிலாவது வேகமாக இருந்தார்கள் என்றால் அதில்தான்.

அப்புறம் சாரிடம் போய் நின்றாள். ஒரு நல்ல ஹோஸ்டிங் வாங்கிக் கொடுத்தால் பாடங்களைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"நல்லாத்தான ஓடிக்கிட்டு இருக்கு? அதை ஏம்மா கலைக்கணும்? நீ இருக்கேல்ல."

"நான் போகணும் சார். என் பொண்ணு அங்க இருக்கா."

"போலாம் போலாம். இந்த பேட்சும் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

புலி வாலைப் பிடித்தவள் கதைதான். விட்டால் பிள்ளைகளின் மார்க்கும் பாடமும் போகும். விடாவிட்டால் தன் பிள்ளையைப் பார்க்க முடியாது. பேட்சுக்குப் பின் பேட்ச் வந்தது. சாயங்காலம் அக்கா மகளுக்கு போன் போடுவாள். ஆரம்பத்தில் அந்தக் குழந்தை, "எப்பம்மா வருவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், படித்தாயா, படித்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் போனை வைத்துவிட்டு அக்கா சொன்னாள், "தலை பின்ன அவளே பழகிட்டாளாம்டி." சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. எனக்கு அந்த நிலையத்தையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

கடைசியில் அவள் கணவரே வந்து நின்று பேசினார். அப்புறம் சார் ஒரு வழி சொன்னார். அக்கா போகலாம், அவள் இடத்தில் நான் மேலே போய் உட்கார வேண்டும், ஹோஸ்டிங் கணக்குக்குள் நுழைய வேண்டிய போதெல்லாம் அக்காவுக்கு போன் போட்டு ஓடிபி கேட்டுக்கொள்ள வேண்டும். "ஒரு போன்தானம்மா, அதுல என்ன கஷ்டம்?" என்றார். அக்கா தலையாட்டினாள். பெட்டி தயாராகத்தான் இருந்தது.

அவளை வண்டி ஏற்றிவிட்டு வந்த நான் தப்பித்தாள் என்று நினைத்தேன். அவள் தப்பிக்கவில்லை, கயிறு நீண்டது, அவ்வளவுதான். கயிற்றின் இந்த முனை என் கையில் இருந்தது.

"ஓடிபி வந்துச்சா அக்கா?"

அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். மகளின் பள்ளியில் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். ஜுரத்தில் கிடந்தபோதும் கேட்டேன். தளம் படுக்கும்போதெல்லாம் உள்ளே போய் எழுப்ப வேண்டும், போனால் ஓடிபி, அது சில நிமிடத்தில் செத்துவிடும். அதனால் நான் நலம் விசாரிக்கக்கூட நேரம் இருக்காது. நம்பரை வாங்கிக்கொண்டு வைத்துவிடுவேன். என் பெயரைப் போனில் பார்த்தாலே அவள் மகள் அம்மாவிடம் கொடுக்காமல் நகர்ந்துவிடுவாளாம். இதை அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை வந்தது. வீட்டுக்குப் பக்கம், நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே போகும்போது போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும், சாயங்காலம்தான் கையில் வரும். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாதே.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

"எதை யோசிக்கப் போறீங்க?"

இது நடந்து கொஞ்ச நாளில் அவளிடமிருந்து வேறு மாதிரி போன் வர ஆரம்பித்தது. ஓடிபி பற்றி அல்ல. "முதல் பேட்ச் மார்க்கைப் பேப்பர்ல எழுதி எடுத்துட்டியா?" எடுத்துவிட்டேன் என்றால், "அடுத்த பேட்சையும் எடு." எடுத்தேன். "ஒரு தடவை சரிபார்த்துக்க. ஒருத்தி பேர் விட்டுப் போயிருந்தாலும் அவ சர்டிபிகேட் போச்சு." எல்லாப் பெண்களின் மார்க்கும் எழுதி, சரிபார்த்து, அப்புறம் சாரின் அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னேன். "பாடங்களை எடுக்கலையாக்கா?" என்று கேட்டேன். "அது அவ்வளவு பெருசு, உன்னால முடியாது. விடு" என்றாள். அந்த 'விடு' எனக்கு வித்தியாசமாகப் பட்டது.

முகம் காட்ட வேண்டிய கடைசி நாள் வந்தது. இன்றைக்குள் நுழையாவிட்டால் இடம் துடைக்கப்படும் என்று ஹோஸ்டிங் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது. அடுத்த பேட்சுக்குப் புது போர்டு எழுதக் கொடுத்திருந்ததால், தளம் போய்விடக் கூடாதே என்று அப்புறம் சாரும் அன்று மேலே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என் கைபேசியை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஓடிபி வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன்.

ஸ்பீக்கரில் அவள் போனுக்கு மெசேஜ் வந்த டிங் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"வரலையே" என்றாள் அக்கா.

நான் திரையைப் பார்த்தேன். மீண்டும் அனுப்பு என்ற இடத்தை அமுக்கினேன். மறுபடி டிங்.

"இப்ப?"

"இல்லடி. ஒண்ணும் வரல."

அத்தனை வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பாடங்களை அவள் எப்படி எழுதினாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிப் புரிகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அதன் கழுத்தில்தான் இப்போது கை வைத்திருக்கிறாள்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே?" என்றார் அப்புறம் சார்.

"அது என் போன் சார். எனக்குத்தான் ஏதோ மெசேஜ்" என்றேன்.

மூன்றாவது முறை அமுக்கியதும், அதிக முறை முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள் என்று பக்கம் மூடிக்கொண்டது. மறுநாள் போய்ப் பார்த்தபோது நாளையே இல்லை. தளத்தின் முகவரியைப் போட்டால் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. அப்புறம் சார் கொஞ்ச நேரம் கத்தினார். மார்க் எல்லாம் அலமாரியில் இருக்கிறது என்றதும் அடங்கினார். அந்த வாரமே காசு கட்டி ஒரு ஹோஸ்டிங் வாங்கிக் கொடுத்தார், நிலையத்தின் பெயரில். அதில் நான் முதல் பாடத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அக்கா எழுதியது மாதிரி வரவில்லை.

தளம் போன அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "உன் போட்டோவெல்லாம் போச்சேடி" என்றாள். "போகட்டும்க்கா, எத்தனை நாளைக்கு நோயாளியாவே கிடக்கிறது" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். நானும்தான்.

மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள் என்று அவள் கணவர் சொன்னார். நேற்று பகலில், கேட்க ஒன்றும் இல்லாமல், சும்மா அவளுக்கு போன் போட்டுப் பார்த்தேன். நீளமாக அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.